மேட்ச் நேரத்தில் வட்டம் சுற்றினால்: கொழும்பு வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

2023 செப்டெம்பர் 17. ஆசியக் கிண்ண இறுதியாட்டம், நம்முடைய கெத்தாராம ஆர். பிரேமதாச மைதானத்தில். மழையால் சற்றுப் பிந்தித்தான் தொடங்கியது. மேல்மாடி அன்ரி படியிறங்கி வந்து, "தம்பி, எங்கட டிவியில வட்டம் சுத்திக்கொண்டே நிக்குது, ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார். போனதும் நான் யோசிக்காமல் செய்த முதல் வேலை, ரவுட்டரின் வயரைப் பிடுங்கி மறுபடி செருகியதுதான். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, டிவி வைஃபையைப் பிடித்து, செயலி திறந்து, படம் வந்து சேர்ந்தபோது முகமட் சிராஜ் ஒரே ஓவரில் நான்கு விக்கெட்டை எடுத்து முடித்திருந்தார். இலங்கை 15.2 ஓவரில் 50 ஓட்டத்துக்கு ஆட்டமிழந்தது. தோல்வி தோல்விதான், ஆனாலும் அந்த ஓவரை அன்ரி நேரடியாகப் பார்க்க முடியாமல் போனது எனக்கு இன்றைக்கும் மனதில் நிற்கிறது.

ஒரு ஓவர் போட ஏறத்தாழ நான்கு நிமிடம் பிடிக்கும். ரவுட்டரை அணைத்து எழுப்பி டிவியில் படம் வரவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் வேண்டும். ஆட்டம் நடக்கும்போது ஒவ்வொரு ரீஸ்டார்ட்டும் ஒரு ஓவரைத் தின்றுவிடும். அதனால் எதையும் அணைப்பதற்கு முன் பழுது எந்த இடத்தில் என்று பாருங்கள். மைதானத்திலிருந்து வரும் படம் உங்கள் திரைக்கு வரும் வழியில் நான்கு இடங்களில் சிக்கலாம்: டிவியும் அதிலுள்ள செயலியும், டிவிக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள வைஃபை, ரவுட்டரிலிருந்து வெளியே போகும் லைன், கடைசியாக ஒளிபரப்புபவரின் சேவர். கடைசி ஒன்றை நீங்கள் தொட முடியாது. மற்ற மூன்றும் உங்கள் கையில்.

இன்னொன்று. இதில் சொல்லியிருப்பதில் பாதியை ஆட்டத்துக்கு முதல் நாள் இரவே செய்துவிடலாம். பகல் பதினொரு மணிக்குச் சோதித்துவிட்டு "நல்லாத்தான் ஓடுது" என்று விட்டுவிடாதீர்கள். ஆட்டம் இரவு ஏழு மணிக்கு என்றால் முதல் நாள் இரவு ஏழு மணிக்கு, அதே டிவியில், அதே செயலியில், ஏதாவது ஒரு நேரலையை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பதிவுசெய்த படம் தடங்கலில்லாமல் ஓடுவது ஒரு சாட்சியமே அல்ல. அதை டிவி பல நிமிடங்களுக்கு முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொள்ளும். நேரலையில் இழுத்து வைக்க இன்னும் எடுக்கப்படாத படத்துக்கு எங்கே போவது?

படம் நின்று நின்று வருகிறது, வட்டம் சுற்றுகிறது

பெரும்பாலான வீடுகளில் வருவது இதுதான். பெரும்பாலும் பழி லைன்மேல் விழும், குற்றவாளி வைஃபையாக இருக்கும்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. கைத்தொலைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் அதே ஆட்டத்தை, ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பாருங்கள். அங்கே தடங்கலில்லாமல் ஓடி டிவியில் மட்டும் நின்றால், லைனில் பிழையில்லை. அப்புறம் போனை டிவிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். அங்கே போனும் திணறினால் வைஃபை அவ்வளவு தூரம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். போன் ஓடி டிவி மட்டும் நின்றால் டிவியில்தான் குறை.

இன்னும் உறுதியாகத் தெரியவேண்டுமா? பிங் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று அளப்பது) அனுப்பும் இலவசச் செயலி ஒன்றைப் போனில் போட்டு, டிவிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு முகவரிகளுக்கு அனுப்புங்கள். ஒன்று உங்கள் ரவுட்டரின் முகவரி. அதன் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. மற்றது வெளியிலுள்ள 8.8.8.8, கூகுளின் சேவர். ரவுட்டருக்குப் போய்த் திரும்பவே சிலவேளை நூற்றுக்கணக்கான மில்லிவிநாடி எடுக்கிறது, இடையிடையே பதிலே வரவில்லை என்றால் வைஃபைதான். ரவுட்டர் சில மில்லிவிநாடியில் சீராகப் பதில் தந்து, வெளியே மட்டும் விட்டுவிட்டு வந்தால் லைன். உதவி மையத்தை அழைக்கும்போது இந்த ஒரு தகவலைச் சொன்னாலே "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க" என்ற கட்டத்தைத் தாண்டிவிடலாம்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் வைஃபை திணறுவதற்குக் காரணம் தெளிவானது. போனில் வைஃபை பட்டியலைத் திறந்து எண்ணிப் பாருங்கள். எங்கள் மூன்றாம் மாடிக் கூடத்தில் 23 பெயர்கள் தெரிகின்றன. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கக்கூடிய சனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. இருபத்துமூன்று வீடும் அந்த மூன்றுக்குள்தான் நெரிகின்றன. புளூடூத்தும் அதே அலைவரிசையில், மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அங்கேதான். இடைவேளையில் சோற்றைச் சூடாக்கும்போது படம் நிற்கிறது என்றால் அது தற்செயல் அல்ல.

5 கிகாஹேர்ட்ஸில் இடம் தாராளம், வேகமும் அதிகம், ஆனால் கொங்கிரீட் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். ரவுட்டரும் டிவியும் ஒரே அறையில், அல்லது ஒரு சுவர் இடையில் என்றால் டிவியை 5க்கு மாற்றுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் ரவுட்டரின் அமைப்பில் பெயரைப் பிரித்து வையுங்கள். இல்லாவிட்டால் டிவி தன்பாட்டில் 2.4இல் போய் ஒட்டிக்கொள்ளும். அதோடு, ரவுட்டரைச் சாமிப்பட அலுமாரிக்குள்ளோ டிவிக்குப் பின்னாலோ ஒளித்து வைக்காதீர்கள். டிவியின் பின்புறம் உலோகத் தகடு. கொழும்பு வெக்கையில் மூடிய அலுமாரி ரவுட்டரைச் சுட வைக்கும், சுட்டால் அது தானாகவே மெதுவாகும். திறந்த இடம், நெஞ்சுயரம், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் மேலான மருந்து ஒன்று உண்டு: வயர். ரவுட்டரிலிருந்து டிவிக்கு ஒரு லான் கேபிள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ கேட் 6 கேபிள் என்று கேட்டால் இரண்டு முனையும் அடித்துத் தருவார்கள். கயிறு பிடித்து அளந்து, இரண்டு மீற்றர் கூட்டி வாங்குங்கள். நிலைப்படியைச் சுற்றிப் போகும்போது அந்த இரண்டு மீற்றர் காணாமல் போய்விடும். பல டிவிகளின் லான் பொயின்ட் 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது. கவலை வேண்டாம், முழு எச்டி நேரலைக்கு 5 முதல் 8 மெகாபிட், 4கே என்றால்கூட 25 மெகாபிட் போதும். பார்வைக்கு அழகில்லை என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் சுருட்டி வைத்துவிடலாம். வைஃபை நீட்டிப்பான் வாங்கும் யோசனை இருந்தால் அந்தக் காசைக் கேபிளில் போடுங்கள். சாதாரண நீட்டிப்பான் ஒரே அலையில் வாங்கி அதே அலையில் கொடுப்பதால் வேகத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

வைஃபையும் சரி, லைனும் சரி, ஆனாலும் நிற்கிறதா? வீட்டில் யாரோ எதையோ மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். கலியாண வீட்டுக்குப் போய்வந்த ஒருவரின் போன் நானூறு படங்களைக் கிளவுடுக்கு அனுப்பத் தொடங்கினால் ஒடுங்கலான மேலேற்றும் பாதை அடைத்துக்கொள்ளும், அதோடு கீழிறங்குவதும் தடுமாறும். ஆட்டம் முடியும்வரை எல்லாருடைய போனிலும் படக் காப்பு வேலையை நிறுத்தி வையுங்கள். மடிக்கணினியின் விண்டோஸ் அப்டேட்டையும்.

படம் நிற்கவில்லை, ஆனால் மங்கல்

வேகம் குறைந்தால் செயலி படத்தை நிறுத்துவதற்குப் பதிலாகத் தரத்தைக் குறைத்துக்கொள்ளும். பந்து புல்லோடு கரைந்துபோகும். காரணம் மேலே சொன்ன வைஃபையாக இருக்கலாம். கொழும்பில் இன்னொரு காரணமும் அடிக்கடி வரும்: பக்கேஜின் டேட்டா தீர்ந்துவிட்டது. தீர்ந்ததும் பல இணைப்புகளில் லைன் நிற்காது, வேகம்தான் விழும். ஆகவே பழுதென்றே தோன்றும்.

கணக்கு எளிது. ஒரு மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 0.45 ஜிபி. 8 மெகாபிட்டில் வரும் முழு எச்டி படம் மணிக்கு 3.6 ஜிபி. மூன்றரை மணி நேர இருபதுக்கு 20 ஆட்டத்துக்கு 12, 13 ஜிபி. எட்டு மணி நேரம் போகும் 50 ஓவர் ஆட்டத்துக்கு 28 ஜிபிக்கு மேல். 4கே என்றால் மணிக்கே 11 ஜிபி. உலகக் கிண்ணம் ஒரு மாதம் நடந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். இணைப்பு நிறுவனத்தின் செயலியில் மீதியைப் பார்த்து, இறுதியாட்டத்துக்கு முதல் நாளே கூடுதல் டேட்டா போட்டுவிடுங்கள். பகலுக்கும் நள்ளிரவுக்குப் பிந்திய நேரத்துக்கும் தனித்தனிப் பங்கு உள்ள பக்கேஜ் என்றால் ஆட்டம் எந்தப் பங்கிலிருந்து போகும் என்று பாருங்கள். 2026 உதைபந்தாட்ட உலகக் கிண்ண இறுதியாட்டம் அமெரிக்காவில் ஜூலை 19 மாலை 3 மணி என்றால் நமக்கு ஜூலை 20 பின்னிரவு 12.30, அது இரவுப் பங்கு. உள்ளூர் பகலிரவு ஆட்டம் முழுக்க பகல் பங்கு.

டேட்டா இருக்கிறது, வேகமும் இருக்கிறது, மடிக்கணினியில் மட்டும் மங்கல் என்றால் பிரவுசர்தான் காரணமாக இருக்கும். திருட்டைத் தடுக்கும் பூட்டின் உயர்ந்த நிலை இல்லாத கருவிகளுக்குச் சில சேவைகள் எச்டி தருவதில்லை. விலை குறைந்த, பெயர் தெரியாத ஆண்ட்ராய்ட் பெட்டிகளிலும் இதே கதைதான். அதை உங்களால் திருத்த முடியாது; வேறு கருவியில் பாருங்கள்.

காலையில் சரி, இரவானால் இழுபறி

ஃபைபர் இல்லாமல் 4ஜி ரவுட்டர் வைத்திருக்கும் வீடுகளுக்கு இது. ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அந்தச் சுற்றுவட்டாரமே பங்கிடுகிறது; இரவு எல்லாரும் வீட்டில். கெத்தாராமவிலேயே ஆட்டம் என்றால் மாளிகாவத்தை, கிராண்ட்பாஸ் பக்கத்துக் கோபுரங்களில் மைதானத்துக்குள் நிற்கும் ஆயிரக்கணக்கான போன்களும் சேர்ந்துகொள்ளும். ரவுட்டரை ஜன்னலோரம், கூடிய உயரத்தில் வைத்து, ஒவ்வொரு ஜன்னலிலும் ஐந்து நிமிடம் வேகம் அளந்து பாருங்கள். சிக்னல் கோடுகளை நம்பாதீர்கள், வேகத்தை நம்புங்கள். கோடு குறைந்த ஜன்னல் வேறொரு கோபுரத்தைப் பார்த்து நல்ல வேகம் தரக்கூடும். அதுவும் பலிக்காவிட்டால், செயலியில் தரத்தை நீங்களே 720க்கு இறக்கி நிலையாக வைத்துவிடுவது மேல். ஏறி இறங்கும் 1080ஐ விட நிற்காத 720 கண்ணுக்கு இதம்.

பக்கத்து வீட்டில் கத்துகிறார்கள், எங்களுக்கு இன்னும் பந்தே போடவில்லை

இது பழுதல்ல, ஆனால் எல்லாவற்றையும் விட இதுதான் மனதை வருத்தும். கடைசி ஓவர், பந்து வீச்சாளர் ஓடி வருகிறார், சுவருக்கு அந்தப் பக்கம் "ஐயோ!" என்று கேட்டுவிட்டது. இனி என்ன பார்ப்பது?

இணைய நேரலை படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டித்தான் அனுப்பும். ஒரு துண்டு ஆறு விநாடி என்று வைத்தால், டிவி மூன்று துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும். அங்கேயே 18 விநாடி. படத்தைச் சுருக்க, சேவருக்கு அனுப்ப இன்னும் கொஞ்சம். ஆக அரை நிமிடம் பிந்துவது வழமை. கூரை அன்டெனாவில் பார்ப்பவருக்கும் டிஷ்ஷில் பார்ப்பவருக்கும் சில விநாடிதான். சுவருக்கு அந்தப் பக்கம் டிஷ் இருக்கிறது, விஷயம் அவ்வளவே.

முழுக்கத் தீர்க்க வழியில்லை, குறைக்க வழி உண்டு. நடுவில் ஒருமுறை நிறுத்தி வைத்தாலோ, வட்டம் சுற்றி மீண்டாலோ, அந்தத் தாமதம் மேலும் கூடி அப்படியே ஒட்டிக்கொள்ளும். திரையிலுள்ள நேரலைப் பொத்தானை அழுத்துங்கள். அது உங்களை நேரலையின் கடைசி விநாடிக்குக் கிட்டக் கொண்டுபோகும். பொத்தான் இல்லையென்றால், ஓவர் முடிந்து விளம்பரம் போகும்போது செயலியை மூடித் திறவுங்கள். ஸ்கோர் செயலியின் அறிவிப்பையும் குடும்ப வட்ஸ்அப் குழுவையும் ஆட்டம் முடியும்வரை மௌனமாக்குங்கள். லண்டனிலிருக்கும் சித்தப்பா டிஷ்ஷில் பார்ப்பவராக இருந்தால் கட்டாயம் அதைச் செய்யுங்கள். இறுதியாட்டம் உள்ளூர் அலைவரிசையிலும் வருகிறது என்றால், வீட்டில் பழைய அன்டெனா இருந்தால், என் தீர்ப்பு அதன் பக்கமே: படம் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கட்டும், கத்துகிற முதல் வீடு உங்கள் வீடாக இருக்கும்.

ஒலி வருகிறது, திரை கறுப்பு

மடிக்கணினியிலிருந்தோ போனிலிருந்தோ டிவிக்கு அனுப்பும்போது வரும். போன் திரையை அப்படியே பிரதிபலிக்கும் முறையில் பூட்டுப் போட்ட படத்தைப் பல செயலிகள் கறுப்பாக்கிவிடும். செயலிக்குள்ளேயே இருக்கும் காஸ்ட் குறியை அழுத்துங்கள். அப்போது டிவி படத்தைத் தானே இழுத்துக்கொள்ளும், போன் ரிமோட் மட்டுமே. எச்டிஎம்ஐ கேபிளில் கறுப்பு என்றால் இடையிலுள்ள ஸ்பிளிட்டரையோ பழைய புரொஜெக்டரையோ கழற்றி நேரே டிவியில் செருகுங்கள். சங்கிலியில் ஒரு கருவிக்குப் பூட்டைத் திறக்கத் தெரியாவிட்டாலும் படம் வராது.

"உங்கள் பிராந்தியத்தில் கிடைக்காது"

முதலில் விபிஎன் (உங்கள் இணைப்பை வேறு நாட்டிலிருந்து வருவதுபோலக் காட்டக்கூடிய செயலி) ஓடுகிறதா என்று பாருங்கள். வேலைக்காகவோ வேறெதற்காகவோ போட்டது மறந்துபோய் ஓடிக்கொண்டிருக்கும். அது இல்லையென்றால், காரணம் உரிமம். ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு விற்கப்படுகிறது. டொரொண்டோவில் அக்கா காசு கட்டிய கணக்கு இங்கே கொட்டாஞ்சேனையில் திறக்கும், உள்ளேயும் போகலாம், ஆட்டத்தை அழுத்தினால்தான் இந்த வாசகம் வரும். நம்மவர்களில் பலர் இதை டாஸ் போடும் நேரத்தில் கண்டுபிடிக்கிறார்கள். இலங்கைக்கான உரிமை யாரிடம் என்பதை ஒரு கிழமைக்கு முன்பே பார்த்து, கணக்குத் திறந்து, காசு கட்டி முடியுங்கள். வங்கியின் ஓடிபி வராமல் போவதும், அட்டையில் இணையக் கொடுப்பனவு அனுமதி இல்லாமல் இருப்பதும் வேலை நாளில் தீர்க்கக்கூடிய விஷயங்கள். ஞாயிறு மாலையில் அல்ல.

"ஒரே நேரத்தில் அதிகம் பேர் பார்க்கிறார்கள்" என்று வந்தால், கணக்கு எத்தனை கருவியில் திறந்திருக்கிறது என்று பார்த்து மற்றவற்றிலிருந்து வெளியேறுங்கள். இலவசமாகக் காட்டுகிறோம் என்று சொல்லும் களவு இணையத்தளங்களின் பக்கம் போகவேண்டாம். நல்ல கட்டத்தில் நிற்பது மட்டுமில்லை, பிளே பொத்தான் என்று நீங்கள் அழுத்துவது பெரும்பாலும் வேறு எதையோ இறக்கும்.

செயலியே திறக்கவில்லை

டிவியின் நேரத்தைப் பாருங்கள். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு சில டிவிகளில் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். திகதி பிழையென்றால் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தாது, எந்தச் செயலியும் உள்ளே விடாது. நேரத்தைத் தானியங்கியாக வைத்தால் போதும். இல்லாவிட்டால் சேமிப்பிடம் நிரம்பியிருக்கும். வேண்டாத செயலிகளை அழித்து, இந்தச் செயலியின் காஷை (அது தற்காலிகமாகச் சேர்த்து வைத்த தரவை) நீக்குங்கள். அப்டேட்டுகளை முதல் நாளே முடியுங்கள். பழைய டிவிக்குச் செயலி வருவதே நின்றுவிட்டது என்றால் எச்டிஎம்ஐயில் செருகும் ஒரு ஸ்டிக் வாங்குவது புது டிவியை விட எவ்வளவோ மலிவு.

பந்துக்கு வால் முளைக்கிறது, அடித்த பிறகு சத்தம் வருகிறது

வாலுக்கு: படத்தை மென்மையாக்கும் அமைப்பையும் இரைச்சல் நீக்கத்தையும் குறைத்துப் பாருங்கள். சத்தத்துக்கு: புளூடூத் ஸ்பீக்கர் என்றால் வயரில் கொடுங்கள்; சவுண்ட்பார் என்றால் டிவியின் ஒலி வெளியீட்டைப் பிசிஎம் (சுருக்காத ஒலி) ஆக்கிப் பாருங்கள்.

எல்லாம் ஒரேயடியாகப் போய்விட்டது

ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ ஒளி வந்து சேரவில்லை. மெல்லிய ஃபைபர் வயர் கதவிடுக்கிலோ சோபாக் காலுக்கடியிலோ மடிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், கழற்றித் துடைக்காதீர்கள். மடிப்பு இல்லையென்றால் பெரும்பாலும் பழுது வெளியில்தான். உடனே அழைத்து முறையிட்டுவிட்டு, போனின் ஹொட்ஸ்பொட்டுக்கு டிவியை மாற்றுங்கள். அதற்காகவே வீட்டு இணைப்பு ஒரு நிறுவனம், போன் டேட்டா இன்னொரு நிறுவனம் என்று வைத்திருப்பது நல்லது. முதல் நாளே ஒருமுறை டிவியை ஹொட்ஸ்பொட்டில் இணைத்து வைத்தால் கடவுச்சொல்லை அந்த நேரத்தில் ரிமோட்டால் குத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இடி மின்னல் என்றால் வேறு கதை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் பின்னேரத்துக்குப் பிறகு அடிக்கடி இடிக்கும். ஃபைபர் கண்ணாடி, அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அடப்டரும் லான் கேபிளும் செம்புத் தொலைபேசி லைனும் கடத்தும். நெருக்கமாக இடித்தால் அடப்டர்களைப் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு, போனில், பேட்டரியில், மொபைல் டேட்டாவில் பாருங்கள். ஒரு டிவியின் விலையை விட எந்த விக்கெட்டும் பெரிதில்லை.

உங்கள் பகுதியில் கரண்ட் போனாலும் ஃபைபர் லைன் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். இறந்தது உங்கள் பெட்டிதான். ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் (கரண்ட் போனாலும் அதை ஓடவைக்கும் சின்னப் பேட்டரிப் பெட்டி) ஒன்று போதும். ரவுட்டர் அடப்டரின் லேபிளில் 12 வோல்ட், 1 அம்பியர் என்றோ 9 வோல்ட் என்றோ இருக்கும்; யூபிஎஸ்ஸின் வெளியீடு அதே வோல்ட்டாக இருக்கவேண்டும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு வைஃபை குறி தெரிகிறதே என்று ஏமாறுபவர்கள் உண்டு. யூபிஎஸ் பெட்டியில் 8,800 மில்லி அம்பியர் மணி (mAh) என்று பெரிதாகப் போட்டிருக்கும் எண் உள்ளேயுள்ள 3.7 வோல்ட் கலங்களின் கணக்கு. அது 32 வாட் மணிக்குச் சற்றுக் கூட. 10 வாட் இழுக்கும் ரவுட்டர் கணக்குப்படி மூன்று மணி நேரம், நடைமுறையில் அதிலும் குறைவு. டிவியை அதில் கொழுவ முடியாது. கரண்ட் வரும்வரை போனில்தான்.

வாங்கிய அன்றே ஒரு மாலையில் சார்ஜ் நிரம்பியபின் பிளக்கைக் கழற்றி, ஏதாவது ஓடவிட்டு, அது எப்போது அணைகிறது என்று மணிக்கூட்டைப் பாருங்கள். அந்த நேரத்தை ஸ்டிக்கரில் எழுதி யூபிஎஸ் மேலேயே ஒட்டுங்கள். மேல்மாடி அன்ரி வீட்டு யூபிஎஸ்ஸில் நான் எழுதி ஒட்டியிருப்பது: 2 மணி 10 நிமிடம்.